கரும்பொருள் அடர்த்தியில் வரும் அந்த ‘3’: சோதித்துப் பார்க்கும் வழிகள்

அண்டவியல் கணக்கு எதைத் திறந்தாலும் ஓர் எண் கேள்வியே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். கரும்பொருளின் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) சராசரி அடர்த்தி, (1 + செம்பெயர்ச்சி) என்பதன் மூன்றாம் அடுக்காக மாறுகிறது என்கிறோமே, அந்த 3. செம்பெயர்ச்சி என்பது அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; அது கூடக் கூட நாம் பார்ப்பது பழைய காலம். அண்டம் இன்று விரியும் வீதமான ஹபிள் மாறிலிக்குப் பிழை வீச்சு போடுகிறோம், அந்த விரிவை முடுக்கும் கரும் ஆற்றலின் தன்மைக்கும் போடுகிறோம். இந்த 3-ஐ மட்டும் பெரும்பாலான கணக்குகள் தொடாமல் விட்டுவிடுகின்றன. அதையும் ஓர் அளவுருவாக எடுத்து அளக்க முடியும். ஆனால் எந்தத் தரவு அதை உண்மையிலேயே சோதிக்கிறது, எந்தத் தரவு 3-ஐ முன்கூட்டியே தனக்குள் வைத்துக்கொண்டு வருகிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், வரும் விடை நாம் போட்ட அனுமானத்தையே நமக்குத் திருப்பித் தரும். என் கவலையெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

3 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மூன்று நிபந்தனைகள் ஒருசேர உண்மையாக இருந்தால்தான் அது வரும். துகள்களின் மொத்த எண்ணிக்கை மாறக்கூடாது. ஒவ்வொரு துகளின் நிறையும் மாறக்கூடாது. துகள்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போது அடர்த்தி குறைவதற்கு ஒரே காரணம் கன அளவு பெருகுவதுதான். கரும்பொருள் சிதைந்தால் முதல் நிபந்தனை உடையும். கரும் ஆற்றலோடு ஆற்றல் பரிமாற்றம் இருந்தால் முதலாவதோ இரண்டாவதோ உடையும். துகள்கள் வெதுவெதுப்பாக இருந்தால் தொடக்க காலத்தில் மூன்றாவது உடையும்.

அளவுகள் கையில் இருக்கட்டும். பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுப்படி கரும்பொருளின் இயல்அடர்த்தி அளவுரு (மொத்த அடர்த்தியில் அதன் பங்கை, ஹபிள் மாறிலியில் நூறில் ஒன்றின் வர்க்கத்தால் பெருக்கியது) 0.120, பிழை 0.001. பேரியான்களுக்கு, அதாவது சாதாரண அணுப் பொருளுக்கு, அது 0.0224. கிலோகிராமுக்கு மாற்றினால் இன்றைய சராசரிக் கரும்பொருள் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.25 × 10⁻²⁷ கிலோ. அதாவது ஒன்றேகால் புரோட்டானுக்குச் சற்று மேல். செம்பெயர்ச்சி 1-இல் இது 8 மடங்கு. அண்டத்தின் ஆதி ஒளியான நுண்ணலைப் பின்னணி புறப்பட்ட செம்பெயர்ச்சி 1090-இல் சுமார் 130 கோடி மடங்கு.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. சூரியனுக்கு அருகே கரும்பொருள் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.4 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் என்று படித்திருப்பீர்கள். அண்ட சராசரியைப் போல அது சுமார் மூன்று லட்சம் மடங்கு. நம் கேலக்ஸியைச் சூழ்ந்த கரும்பொருள் ஒளிவட்டம் ஈர்ப்பால் கட்டுண்டது. அண்டம் விரிவதால் அது நீர்த்துப் போவதில்லை. ஆகவே கேலக்ஸிகளின் சுழற்சி வேகத்தைப் பல செம்பெயர்ச்சிகளில் அளந்து ஒப்பிட்டால் தெரிவது ஒளிவட்டங்கள் உருவான வரலாறு. சராசரி அடர்த்தியின் அடுக்கு அதிலிருந்து கிடைக்காது.

எழுதும் முறை: ஆற்றல் எங்கே போகிறது?

ஒரு காலத்தில் அண்டம் இன்றைவிட எத்தனை மடங்கு சுருங்கியிருந்ததோ அந்த எண்ணை ‘ச’ என்று வைத்துக்கொள்கிறேன். அது 1 + செம்பெயர்ச்சி. மூன்றிலிருந்து விலகலை ‘எ’ என்கிறேன். கரும்பொருள் அடர்த்தி ச^(3+எ) என்று மாறுகிறது. எ பூஜ்யமானால் வழக்கமான குளிர்ந்த கரும்பொருள். இன்றைய மொத்த அடர்த்தியில் பேரியான் பங்கு ‘பே’, கரும்பொருள் பங்கு ‘க’. ஹபிள் வீதத்தை இன்றைய மதிப்பால் வகுத்தது ‘ஈ’.

பலரும் செய்வது, விரிவு வீதத்தை அடர்த்தியோடு இணைக்கும் ஃபிரீட்மன் சமன்பாட்டில் அடுக்கை மட்டும் மாற்றிவிட்டு மேலே போவது:

ஈ² = பே × ச³ + க × ச^(3+எ) + (1 − பே − க)

இது தவறல்ல. ஆனால் இதற்கு ஒரு குறிப்பிட்ட இயற்பியல் பொருள் உண்டு: கரும்பொருளுக்கு எ/3 அளவு அழுத்த விகிதம் (அழுத்தத்தை ஆற்றல் அடர்த்தியால் வகுத்தது) இருக்கிறது, அது வேறு எதனோடும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளவில்லை. மாறாக, கரும்பொருள் இழக்கும் ஆற்றல் வெற்றிட ஆற்றலுக்குள் (கரும் ஆற்றலின் எளிய வடிவம்) போகிறது என்று எடுத்தால், வெற்றிட ஆற்றலும் காலத்தோடு மாற வேண்டும். ஆற்றல் காப்பு விதியைத் தொகையிட்டால் கிடைப்பது:

ஈ² = பே × ச³ + [3/(3+எ)] × க × ச^(3+எ) + 1 − பே − [3/(3+எ)] × க

இரண்டிலும் இன்றைய மதிப்பு 1. இன்றைய கரும்பொருள் பங்கும் ஒன்றே. ஆனால் விளைவு ஒன்றல்ல. பே 0.05, க 0.265, எ 0.1 என்று போட்டுப் பாருங்கள். செம்பெயர்ச்சி 1-இல் முதல் சமன்பாடு ஹபிள் வீதத்தை 2.3 சதவீதம் உயர்த்துகிறது. இரண்டாவது 1.35 சதவீதம் மட்டுமே. ஒரே எ, விளைவு ஏறக்குறைய பாதி. ஆகவே எ-இன் மதிப்பை மட்டும் சொல்லிவிட்டு எந்தச் சமன்பாடு என்று சொல்லாத முடிவை இன்னொரு முடிவோடு ஒப்பிடவே கூடாது.

இரண்டாவது சமன்பாட்டில் இன்னொரு பொறியும் உண்டு. எ நேர்மறையாக இருந்தால் பின்னோக்கிப் போகப் போக வெற்றிட ஆற்றல் குறைந்துகொண்டே வரும். எ 0.1 எனில் செம்பெயர்ச்சி சுமார் 3.1-ஐத் தாண்டியதும் அது எதிர்மறையாகிவிடுகிறது. ஈ² நேர்மறையாகவே இருப்பதால் தொலைவுக் கணக்கு ஓடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் அதே மாடலைக் கிளாஸ் (CLASS) அல்லது கேம்ப் (CAMB) என்ற அண்டவியல் நிரலில் ஒரு பாய்மமாக நுழைத்தால், அடர்த்தி பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அழுத்த விகிதம் முடிவிலிக்கு ஓடி நிரல் முறிந்துவிடும். அந்த இடத்தில் அழுத்த விகிதத்தைக் கொடுக்காமல் அடர்த்தியையும் அழுத்தத்தையும் நேரடியாகக் கொடுப்பதுதான் தீர்வு.

கரும்பொருள் கதிர்வீச்சாகச் சிதையும் மாடலில் எ ஒரு மாறிலியே அல்ல. சிதைவு நேரத்தைப் பொறுத்தது. அண்டத்தின் வயது ஏற ஏறத்தான் விளைவு தெரியும். சிதைவில் பிறந்த கதிர்வீச்சு ச-இன் நான்காம் அடுக்கில் நீர்க்கும். இதை ஒரே ஓர் அடுக்கு எண்ணால் பிடிக்க முயல்வது வீண் வேலை. நுண்ணலைப் பின்னணியையும் பிற தரவுகளையும் கொண்டு 2016-இல் பூலான், செர்பிகோ, லெஸ்கூர்க் ஆகியோர் போட்ட வரம்பு, ஒளி புறப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை கரும்பொருளில் அதிகபட்சம் 3.8 சதவீதம் இப்படிக் கதிர்வீச்சாகியிருக்கலாம் என்றது.

வரைபடம் ஒன்று, முதலில் போட வேண்டியது

எந்தப் பெரிய நிரலையும் ஓட்டும் முன் ஒரு சின்னக் கணக்கைச் செய்துவிடுவது நல்லது. (ஈ² − 1) என்பதை (ச³ − 1)-ஆல் வகுக்க வேண்டும். வருண் சாஹ்னி, அர்மான் ஷஃபீலூ, அலெக்சேய் ஸ்டாரோபின்ஸ்கி மூவரும் 2008-இல் முன்வைத்த ‘ஓம்’ சோதனை இது. கரும்பொருள் அடுக்கு 3, கரும் ஆற்றல் மாறிலி என்ற இரண்டும் சரியென்றால் எல்லாச் செம்பெயர்ச்சியிலும் ஒரே எண் வரும். அது மொத்தப் பொருளின் பங்கு.

எ 0.1 என்று வைத்து முதல் சமன்பாட்டில் இதைக் கணக்கிட்டால், 0.315 என்று நிலையாக இருக்க வேண்டியது செம்பெயர்ச்சி 0.5-இல் 0.331, 1-இல் 0.337, 2-இல் 0.347 என்று ஏறும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உடனே புரியும். ஒரே செம்பெயர்ச்சியில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் எ-ஐயும் பொருளின் பங்கையும் பிரிக்க முடியாது. ஒன்று செய்வதை மற்றொன்று அப்படியே செய்யும். பிரிப்பது அந்த ஏற்றம்தான். அந்த ஏற்றமோ 0.5-க்கும் 2-க்கும் நடுவே வெறும் 0.016. பாந்தியன் பிளஸ் தொகுப்பு, தொலைவை அளக்க உதவும் 1550 சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் விண்மீன்கள்) வைத்து, தட்டையான வழக்கமான மாடலில் பொருளின் பங்கை 0.334 என்றது, பிழை 0.018. அதாவது தொகுப்பு முழுவதையும் ஒன்றாகப் போட்டாலும் பிழை, நாம் தேடும் ஏற்றத்தைவிடச் சற்று அதிகம். சூப்பர்நோவாவை மட்டும் வைத்து எ-ஐ 0.1-க்குக் கீழே இறுக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால், பொருளின் பங்குக்கு வெளியிலிருந்து இறுக்கமான பிரயர் (தரவுக்கு முன்பே போடும் வரம்பு) எதையாவது சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பிளாங்கின் மதிப்பாக இருக்கும். அந்த மதிப்பு எ பூஜ்யம் என்று வைத்துப் பெறப்பட்டது.

இன்னொன்று: கரும் ஆற்றல் காலத்தோடு மாறினாலும் இதே வரைபடம் சாயும். கேலக்ஸிகளின் பரவலை அளக்கும் டெசி (DESI) கருவியின் 2025 முடிவுகள் மாறும் கரும் ஆற்றலின் பக்கம் சாய்வதாகச் சொல்கின்றன. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சாய்வு 2.8 முதல் 4.2 சிக்மா (பிழை அளவின் மடங்கு). விரிவு வீதத்தை மட்டும் அளக்கும் எந்தத் தரவாலும், கரும்பொருளின் அடுக்கு மாறியதா, கரும் ஆற்றல் மாறியதா என்று சொல்ல முடியாது. ஈர்ப்பு மொத்த அடர்த்தியைத்தான் பார்க்கிறது. இதை உடைக்க, கரும்பொருளைத் தனியாக வேறொன்றோடு ஒப்பிடும் அளவு வேண்டும்.

கொத்துகளின் வாயுப் பங்கு

அந்த ஒப்பீட்டை நேரடியாகத் தருவது கேலக்ஸிக் கொத்துகள். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பெரிய கொத்து ஒன்று உருவாகும்போது தன்னைச் சுற்றியுள்ள பரந்த பகுதியிலிருந்து பேரியான், கரும்பொருள் இரண்டையும் ஒருசேர இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதற்குள் இருக்கும் பேரியான் விகிதம் அன்றைய அண்டத்தின் பேரியான் விகிதத்துக்கு நெருக்கமாக இருக்கும். பேரியான் ச³ என்று நீர்க்கிறது. புரோட்டான் சிதைவதை இதுவரை யாரும் கண்டதில்லை. கரும்பொருள் ச^(3+எ) என்று நீர்த்தால் இந்த விகிதம் செம்பெயர்ச்சியோடு மாற வேண்டும். இன்று கரும்பொருள், பேரியானைப் போல் 5.36 மடங்கு. ஆக வாயுப் பங்கு (கொத்தின் மொத்த நிறையில், அதன் பேரியானில் பெரும்பகுதியான வெப்ப வாயுவின் பங்கு) 1/(1 + 5.36 × ச^எ) என்பதற்கு நேர்விகிதம். எ 0.1 எனில் செம்பெயர்ச்சி 1-இல் வாயுப் பங்கு 5.7 சதவீதம் குறையும். கரும் ஆற்றல் என்ன செய்தாலும் இந்த விகிதத்துக்குள் அது நேரடியாக வராது. தொலைவு வழியாக மட்டுமே வரும்.

செய்முறை இப்படி. எக்ஸ்கதிர் படத்தில் ஒளிச்செறிவு எலக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதிலிருந்து வாயுவின் நிறை. நிறமாலையிலிருந்து வெப்பநிலை ஆரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்த்து, வாயு அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாகக் கொண்டால் மொத்த நிறை. இந்தச் சமநிலை அனுமானம் நிற்க வேண்டுமானால், மோதல் எதிலும் சிக்காத, அமைதியான கொத்துகள் வேண்டும். வெப்பமும் 5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள சிறு கொத்துகளில் மையக் கருந்துளையின் வீச்சு வாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. ஆடம் மான்ட்ஸ் குழு 2014-இல் சந்திரா தொலைநோக்கித் தரவிலிருந்து இப்படி வடிகட்டி எடுத்தது 40 கொத்துகள், செம்பெயர்ச்சி 0.078 முதல் 1.063 வரை. அவர்கள் கொத்தின் மையத்தையும் விட்டார்கள், வெளி ஓரத்தையும் விட்டார்கள். சராசரி அடர்த்தி மாறுநிலை அடர்த்தியின் (அண்டம் தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தி) 2500 மடங்காக இருக்கும் ஆரத்தை எடுத்து, அதன் 0.8-லிருந்து 1.2 மடங்கு வரையான ஓட்டில் மட்டும் வாயுப் பங்கை அளந்தார்கள். மையத்தில் வாயு குளிர்வதும் கருந்துளை கலக்குவதும் உண்டு. ஓரத்தில் வாயு திட்டுத்திட்டாக இருப்பதால் வர்க்கச் சராசரி நிறையை மிகையாகக் காட்டும். நடு ஓட்டில் கொத்துக்குக் கொத்து உள்ளார்ந்த சிதறல் சுமார் 7.4 சதவீதம்தான். இவ்வளவு சீரான இயற்கை அளவுகோல் அண்டவியலில் அதிகம் இல்லை.

அடுத்து தொலைவு. வாயு நிறை தொலைவின் 5/2 அடுக்கு, மொத்த நிறை தொலைவின் முதல் அடுக்கு. எனவே வாயுப் பங்கு தொலைவின் 3/2 அடுக்கு. அட்டவணையில் இருக்கும் எண்கள் ஒப்பீட்டுக்காக முன்பே தேர்ந்த ஏதோ ஒரு மேற்கோள் மாடலின் தொலைவைக் கொண்டு கணக்கிட்டவை. பெரும்பாலும் பொருளின் பங்கு 0.3, ஹபிள் மாறிலி 70 (ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர்). அந்தத் தொலைவில் 3 உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்த எண்களை அப்படியே எடுத்துப் பொருத்துவது, இந்தச் சோதனையில் நடக்கும் முதல் பெரிய பிழை. ஒவ்வொரு கொத்துக்கும் உண்மைத் தொலைவுக்கும் மேற்கோள் தொலைவுக்கும் உள்ள விகிதத்தின் 3/2 அடுக்கால் திருத்த வேண்டும். 2500 மடங்கு ஆரமும் மாறுநிலை அடர்த்தி வழியாக மாடலைச் சார்ந்தது. அதற்கான கோணத் திருத்தம் சிறியது, ஆனாலும் விட்டுவிடக்கூடாது.

உண்மைத் தொலைவை எங்கிருந்து எடுப்பது? மாடலிலிருந்தே எடுத்தால் கரும் ஆற்றல் அனுமானம் உள்ளே வரும். சூப்பர்நோவாவிலிருந்து எடுப்பது மேல். இரண்டு வழி உண்டு. கொத்தின் செம்பெயர்ச்சிக்கு இருபுறமும் 0.005-க்குள் இருக்கும் சூப்பர்நோவாக்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது ஒன்று. காஸியன் பிராசஸ் (புள்ளிகளிடையே மென்மையான வளைவை வரையும் புள்ளியியல் முறை) கொண்டு முழு வளைவையும் மீட்டெடுப்பது மற்றொன்று. இரண்டாவதில் கவனம் தேவை: சராசரிச் சார்பாக வழக்கமான மாடலைக் கொடுத்தால், தரவு குறைந்த இடங்களில் வளைவு அந்த மாடலுக்கே திரும்பிவிடும், எ பூஜ்யத்தை நோக்கி இழுபடும். செம்பெயர்ச்சி 0.8-க்கு மேல் சூப்பர்நோவாக்கள் அருகிவிடுகின்றன. எ-க்கு அதிக எடை தரும் கொத்துகளும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு கெர்னல்களில் (வளைவின் மென்மையைத் தீர்மானிக்கும் சார்புகள்) ஓட்டிப் பார்த்து, எ பிழை வீச்சின் பாதிக்கு மேல் நகர்ந்தால் அந்த மீட்டெடுப்பை நம்ப வேண்டாம். எந்த வழியானாலும் பாந்தியன் பிளஸின் முழுக் கோவேரியன்ஸையும் (பிழைகள் ஒன்றோடொன்று கொண்ட தொடர்பின் அணி) பயன்படுத்த வேண்டும், மூலைவிட்டத்தை மட்டும் அல்ல. சூப்பர்நோவாவின் சொந்த ஒளிர்வும் ஹபிள் மாறிலியும் சேர்ந்து ஒரே பெருக்கல் எண்ணாக வரும்; அதைக் கொத்துகளின் அளவுத்திருத்த எண்ணோடு சேர்த்து ஒரே கட்டற்ற மாறிலியாக விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது சாய்வு மட்டுமே.

40 கொத்துகளில் இருந்து என்ன துல்லியம் கிடைக்கும்? ஒவ்வொன்றுக்கும் மொத்தச் சிதறல் 13 சதவீதம் என்று வைத்துக் கையால் கணக்கிட்டால் எ-இல் பிழை சுமார் 0.15 வரும். மிகப் பெரிய எண்தான். ஆனால் இது நேர்மையான எண். நுண்ணலைப் பின்னணியின் உதவியின்றி, அண்ட வரலாற்றின் பின்பாதியில் கரும்பொருளைப் பேரியானோடு நேருக்கு நேர் நிறுத்திப் பெற்றது.

எங்கே கெடும் என்பதைச் சொல்ல வேண்டும். கொத்துக்குள் விழும் வாயு அண்ட விகிதத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுக் காரணி இந்த ஓட்டில் சுமார் 0.85. அது செம்பெயர்ச்சியோடு மாறுகிறதா என்பதைக் கணினி உருவகங்கள்தான் சொல்கின்றன. செம்பெயர்ச்சி 1-க்குள் அது 5 சதவீதம் இப்படியோ அப்படியோ நகரலாம் என்று விட்டால், அதுவே எ-இல் 0.09 அளவு மங்கலைத் தரும். மோசமான பகுதி என்னவென்றால், அந்த உருவகங்கள் அனைத்தும் எ பூஜ்யம் என்று ஓட்டப்பட்டவை. அடுத்து, எக்ஸ்கதிர் கருவியின் வெப்பநிலை அளவுத்திருத்தம். எல்லா ஆற்றலிலும் ஒரே விகிதப் பிழை என்றால் அது மாறிலிக்குள் அடங்கிவிடும். ஆனால் தொலைவிலுள்ள கொத்தின் நிறமாலை ச மடங்கு தாழ்ந்த ஆற்றலுக்கு நகர்ந்து வருகிறது. ஆகவே ஆற்றலைச் சார்ந்த அளவுத்திருத்தப் பிழை, செம்பெயர்ச்சியைச் சார்ந்த பிழையாக வேஷம் போடும். சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் வெப்பமான கொத்துகளுக்கு வேறுபட்ட வெப்பநிலை தருவது தெரிந்த செய்தி. இரண்டின் தரவையும் ஒரே தொகுப்பில் கலக்கக் கூடாது. மூன்றாவது, தேர்வுச் சார்பு. வெகு தொலைவில் பிரகாசமான கொத்துகளே கண்ணில் படும். அவை வாயு மிகுந்தவை. எ எதிர்மறையாகத் தோன்றும். நான்காவது, ஒளி வழித் தொலைவையும் கோண வழித் தொலைவையும் இணைக்கும் எதரிங்டன் உறவு. வழியில் தூசு மங்கச் செய்தால் சூப்பர்நோவாத் தொலைவு மிகையாகும். 2 சதவீத மிகை, வாயுப் பங்கில் 3 சதவீதமாகி, எ-ஐ 0.05 கீழே இழுக்கும்.

நுண்ணலைப் பின்னணியோடு சேர்க்கும்போது

துல்லியம் வேண்டுமென்றால் நெம்புகோல் நீளமாக வேண்டும். செம்பெயர்ச்சி 1090-க்கும் இன்றைக்கும் இடையே ச-இன் மடக்கை 7. எ வெறும் 0.01 இருந்தாலே தொடக்க அடர்த்தி 7 சதவீதம் மாறிவிடும். பிளாங்க் அந்த அடர்த்தியை ஒரு சதவீதத்துக்குள் அளந்திருக்கிறது. ஒலி முகடுகளின் (ஆதி அண்டத்தின் ஒலி அலைகள் அந்த ஒளியில் விட்ட தடங்கள்) உயரம், குறிப்பாக மூன்றாவது முகடு, அன்று பொருளுக்கும் கதிர்வீச்சுக்கும் இருந்த விகிதத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. கதிர்வீச்சின் அளவு 2.7255 கெல்வின் வெப்பநிலையிலிருந்து தெரியும்.

இங்கே நிரல் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கிளாஸும் கேம்பும் இன்றைய கரும்பொருள் அடர்த்தியை உள்ளீடாகக் கேட்கும். எ-ஐச் சேர்த்ததும் தொடக்க அடர்த்தி, இன்றைய அடர்த்தி × 1091^எ. தரவு இறுக்குவது இந்தப் பெருக்கலை. ஆகவே இரண்டு அளவுருக்களும் ஊசி போன்ற மெல்லிய கோட்டில் சிக்கிக்கொள்ளும். மாதிரி எடுக்கும் சங்கிலி நகராது, சங்கிலிகள் ஒரே விடையில் நிலைத்தனவா என்று காட்டும் கெல்மன்-ரூபின் எண் (R − 1) 0.01-க்குக் கீழே வரவே வராது. தொடக்க அடர்த்தியையே மாதிரி எடுக்கும் அளவுருவாக வைத்து, இன்றையதை அதிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இன்றைய முனையில்தான் சிக்கல் அதிகம். டெசியின் 2025 பேரியான் ஒலி அலை அளவுகள், ஒலி எல்லையின் (ஆதி ஒலி அலைகள் பரவிய தூரம்) நீளத்தைக் கட்டற்றதாக விட்டாலும், பொருளின் பங்கை 0.2975 என்று தருகின்றன, பிழை 0.0086. இதை இயல்அடர்த்தியாக்க ஹபிள் மாறிலியின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 67.4 போட்டுப் பேரியானைக் கழித்தால் கரும்பொருள் 0.113, பிளாங்கின் 0.120-ஐவிடக் குறைவு; எ +0.009. சீஃபீட் விண்மீன்களை வைத்துப் பெற்ற 73.04 போட்டால் 0.136, எ −0.018. பங்கின் பிழை மட்டும் எ-இல் சுமார் 0.005 தருகிறது. கவனியுங்கள்: ஹபிள் மாறிலியில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எ-இன் குறியையே திருப்பிவிடுகிறது. 67.4 என்பது எ பூஜ்யம் என்ற மாடலில் பெறப்பட்டது என்பதால் அதை இங்கே போடுவது வட்ட வாதம். 73.04 அந்த வட்டத்தில் இல்லை, ஆனால் அதன் மீதான விவாதம் முடியவில்லை. பிளாங்கையும் ஒலி அலைகளையும் சேர்த்து எ பூஜ்யமல்ல என்று சொல்லும் எந்த முடிவையும், 67.4-க்கும் 73.04-க்கும் இடையிலான ஹபிள் முரணின் இன்னொரு முகமாகவே நான் படிப்பேன், வேறு சான்று வரும்வரை.

ஒலி எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 147 மெகாபார்செக் என்கிற அந்த நீளம் தொடக்க அடர்த்தியைப் பொறுத்தது. எ கட்டற்று ஓடும்போது இந்த நீளமும் அதனோடு மாற வேண்டும். 147-ஐ மாறிலியாகப் பூட்டிவிட்டு எ-ஐ மட்டும் ஓடவிட்டால், கிடைக்கும் இறுக்கமான வரம்பு பொய்யானது.

முழு நிறமாலையையும் பொருத்தும்போது சராசரி அடர்த்தி மட்டும் போதாது. ஏற்ற இறக்கங்கள் எப்படி வளர்கின்றன என்றும் சொல்ல வேண்டும். அழுத்த விகிதம் பூஜ்யமல்ல என்றால் ஒலி வேகம், பிசுபிசுப்பு இரண்டையும் கொடுத்தாக வேண்டும். வெய்ன் ஹூ 1998-இல் எழுதிய பொதுமைப்படுத்திய கரும்பொருள் மாடல் இதற்கான சட்டகம். ஒலி வேகத்தின் வர்க்கத்தை அழுத்த விகிதத்துக்குச் சமமாக வைப்பது இயல்பாகத் தோன்றும். அப்படி வைத்தால் எ எதிர்மறையாகும்போது அந்த வர்க்கமும் எதிர்மறையாகி, சிறு அளவு ஏற்ற இறக்கங்கள் கட்டுக்கடங்காமல் வெடிக்கும். தரவு எ-ஐ நேர்மறைப் பக்கம் தள்ளுவதாகத் தோன்றும். உண்மையில் தள்ளியது நிரல். ஒலி வேகத்தைப் பூஜ்யமாக வைத்து முதலில் ஓட்டுவதே பாதுகாப்பு. இந்தச் சட்டகத்தில் அழுத்த விகிதத்தின் வரம்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. எ என்பது அதன் மூன்று மடங்கு.

அவ்வளவு இறுக்கமான வரம்பு இருக்கும்போது 0.15 பிழையுள்ள கொத்துகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த இறுக்கம், எ எல்லாக் காலத்திலும் ஒன்றே என்ற அனுமானத்துக்குள் மட்டும் செல்லும். கோப், ஸ்கோர்டிஸ், தாமஸ், இலிச் ஆகியோர் 2018-இல் அண்ட வரலாற்றை 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அழுத்த விகிதத்தைத் தனித்தனியே விட்டார்கள். எல்லாம் பூஜ்யத்தோடு ஒத்துப்போயின. ஆனால் வரம்பு எல்லாக் கட்டத்திலும் ஒன்றுபோல் இறுக்கமாக இல்லை. கரும் ஆற்றல் தலையெடுத்த பிறகு ஏதாவது நடந்திருந்தால், அதைத் தனியே பார்க்கப் பின்காலத் தரவு வேண்டும்.

விண்மீன் வயதைக் கொண்டு ஹபிள் வீதத்தை அளக்கும் காஸ்மிக் குரோனோமீட்டர் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிமெனெஸ், லோப் 2002-இல் முன்வைத்தது. விண்மீன் பிறப்பு நின்றுபோன பெரிய கேலக்ஸிகளில் நிறமாலையில் ஒளி சட்டென விழும் 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவின் அளவிலிருந்து வயது வேறுபாடு கிடைக்கிறது. எந்த அண்ட மாடலையும் அனுமானிக்காத முறை என்பது பெரிய பலம். ஆனால் புள்ளி ஒன்றுக்குப் பிழை 5 முதல் 20 சதவீதம், நாம் தேடும் விளைவோ 2 சதவீதம். உலோகச் செறிவு, விண்மீன் தொகை மாடல் ஆகியவற்றால் வரும் பிழைகள் புள்ளிகளுக்கிடையே தொடர்புள்ளவை. அவற்றின் கோவேரியன்ஸை விட்டுவிட்டு முப்பது புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணும் கணக்குகள் துல்லியத்தை மிகைப்படுத்துகின்றன.

ஓட்டும் முன்னும் பின்னும்

போலித் தரவு இரண்டு தயாரியுங்கள்: எ பூஜ்யம் ஒன்று, எ 0.1 ஒன்று. உண்மைத் தரவின் அதே செம்பெயர்ச்சிகள், அதே கோவேரியன்ஸ். முழு வரிசையையும் இரண்டின் மேலும் ஓட்டுங்கள். முதலாவது சரியாக வந்து, இரண்டாவது 0.04 என்று வந்தால் எங்கோ 3 ஒளிந்திருக்கிறது: மேற்கோள் மாடலிலோ, காஸியன் பிராசஸின் சராசரிச் சார்பிலோ, பூட்டிய ஒலி எல்லையிலோ. பூஜ்யத்தில் மட்டும் சோதித்துத் திருப்தி அடைபவர்களுக்கு இது ஒருபோதும் தெரிய வராது.

சிதைவு மாடலில் சிதையும் பங்கு, ஆயுள் என இரண்டு அளவுருக்கள். பங்கு பூஜ்யத்தை நெருங்கினால் ஆயுள் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பரந்த வெளியே மாதிரிகளை விழுங்கி, பங்கு பூஜ்யம் என்று காட்டிவிடும். இங்கே சங்கிலியின் வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பங்கிலும் மற்றதையெல்லாம் உச்சப்படுத்தி நிகழ்தகவுச் சார்பை வரைந்து பார்க்க வேண்டும்.

முடிவை வெளியிடும்போது எ-இன் மதிப்போடு, ஆற்றல் எங்கே போவதாக எடுத்தீர்கள், ஒலி எல்லை ஓடியதா பூட்டப்பட்டதா, கொத்துகளின் குறைவுக் காரணிக்கு என்ன வீச்சு, ஒவ்வொரு தரவாக நீக்கினால் எ எங்கே நகர்கிறது ஆகிய நான்கையும் எழுதிவிட்டால் அடுத்தவர் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியும்.

அமைதியான வெப்பக் கொத்துகளின் எண்ணிக்கையை ஆயிரமாக்கினால் புள்ளியியல் பிழை 0.15-லிருந்து 0.03-க்கு இறங்கும். குறைவுக் காரணியின் 0.09 மங்கல் அப்படியே நிற்கும். ஆகவே கொத்துகளைப் பெருக்குவதைவிட, எ-ஐப் பூஜ்யமல்லாமல் வைத்து ஓட்டிய வாயு உருவகங்களும், 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் போன்ற தொலைநோக்கிகளின் ஈர்ப்பு வில்லை (ஈர்ப்பு ஒளியை வளைப்பது) அளவுகளிலிருந்து சமநிலை அனுமானம் இல்லாமல் கிடைக்கும் கொத்து நிறைகளும்தான் இந்தச் சோதனைக்கு முதலில் தேவை.